புதுப்பிப்பு: பெசன்ட் நகர் மணலில் ஆர்சி டிரக்

எலியட்ஸ் கடற்கரையில் என் ஆர்சி டிரக் (ரிமோட்டில் ஓட்டும் குட்டி வண்டி) புதைகிறது, எந்த டயர் போடலாம் என்று கேட்டிருந்தேன் அல்லவா? டொராண்டோவில் இருக்கும் அண்ணன் ஒருவர், புதுப்பனியில் தான் ஓட்டும் பேடில் டயரையே போடச் சொன்னார். நான்கு சக்கரத்துக்கும் மாட்டியாச்சு. குறுக்கே துடுப்பு மாதிரி நிற்கும் ரப்பர் பட்டைகள் மணலை வாரிப் பின்னால் இறைக்கின்றன. வண்டி புதையாமல் மேலேயே பாய்கிறது. அங்கே குளிரில் ரப்பர் விறைக்கும் என்பதால் அண்ணன் மென்மையான ரப்பராகப் பார்த்து வாங்குவாராம். நமக்கு அந்தக் கவலை ஏது!

அலை நனைத்து இறுகிய மணலில் வண்டியோடு வந்த டயரே போதும். தார் ரோட்டில் பேடில் வேண்டாம், பட்டை தேய்ந்துவிடும். மோட்டார் ரொம்பச் சுட்டது, சின்ன பினியன் (மோட்டார் தண்டில் மாட்டும் பல்சக்கரம்) போட்ட பிறகு பரவாயில்லை. அப்புறம் உப்பு, அது துருப்பிடிக்க வைக்கும்: வீட்டுக்கு வந்ததும் மணலைத் தட்டி, பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.