சினை ஆட்டுக்குப் பூச்சி மருந்து: எத்தனை மில்லி, எப்படி ஊற்றுவது?

கரிசல்காடு:
மழை விட்டதிலிருந்து மூன்று கன்னி இன ஆடுகளுக்குத் தாடைக்குக் கீழே வீக்கம். சாயங்காலம் மேய்ந்து வரும்போது பெரிதாகத் தெரிகிறது, காலையில் வடிந்துவிடுகிறது. கண் இமையின் உள்பக்கம் வெளுத்திருக்கிறது, கழிச்சல் இல்லை. கையில் ஆல்பெண்டசோல் 2.5% குடற்புழு மருந்து இருக்கிறது. எடைக்கு எத்தனை மில்லி? ஊற்றினாலே புரையேறி இருமுகின்றன. மூன்றில் ஒன்று கிடா சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. தீவனத்தில் ஏதும் மாற்ற வேண்டுமா?

மருந்துப்பெட்டி:
முதலில் அந்தச் சினை ஆட்டைத் தனியாகக் கட்டுங்கள். சினையின் முதல் ஒன்றரை மாதத்தில் ஆல்பெண்டசோல் கூடாது, கரு ஊனமாகும். அதற்குப் பதில் ஃபென்பெண்டசோல், கிலோவுக்கு 10 மி.கி. 30 கிலோ ஆட்டுக்கு 150 மி.கி. மாத்திரை இரண்டு, பொடித்துத் தண்ணீரில் கலக்கி.

மற்ற இரண்டுக்கும் ஆல்பெண்டசோல் கிலோவுக்கு 10 மி.கி. 2.5% என்றால் ஒரு மில்லியில் 25 மி.கி., ஆக 20 கிலோ ஆட்டுக்கு 8 மில்லி. கடையில் 10% பாட்டிலும் கிடைக்கும். அதில் இதே ஆட்டுக்கு 2 மில்லிதான். லேபிளைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். மருந்து அடியில் படியும், நன்றாகக் குலுக்குங்கள்.

எடையைக் கண்ணால் மதிப்பதுதான் பெரிய தப்பு. ஆட்டைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி உங்கள் எடையைக் கழியுங்கள். முடியாவிட்டால் டேப்: நெஞ்சுச் சுற்றளவு × நெஞ்சுச் சுற்றளவு × உடல் நீளம், எல்லாம் அங்குலத்தில், 660-ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 26, நீளம் 24 என்றால் 24 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். குறைத்து ஊற்றினால் சாகாத புழுதான் பெருகும், பிறகு அந்த மருந்தே பிடிக்காது.

தொழுவம்:
புரையேறுவதற்குக் காரணம் தலையை அண்ணாந்து பிடிப்பது. மூக்கு கண் மட்டத்துக்கு மேலே போகக் கூடாது. ஆட்டைச் சுவரோரம் நிறுத்தி இரண்டு காலுக்கும் நடுவே இடுக்கிக்கொள்ளுங்கள். ஊசி கழற்றிய சிரிஞ்சைக் கடைவாய் ஓரத்தில், முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல் இல்லாத இடைவெளியில் நுழைத்து, நாக்கின் மேல் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். நாக்கை வெளியே இழுத்துப் பிடித்தால் விழுங்கவே முடியாது. இருமினால் உடனே தலையைக் கீழே விட்டுவிடுங்கள், மிச்சம் அப்புறம். நுரையீரலில் இறங்கினால் நிமோனியா வரும், அதைத் தேற்றுவது கஷ்டம்.

வேலிமசால்:
நீங்கள் சொல்லும் அடையாளம் இரைப்பையில் ரத்தம் குடிக்கும் உருளைப்புழுவுக்குப் பொருந்துகிறது; இதில் பெரும்பாலும் கழிச்சல் இருக்காது. ஆனால் குளக்கரை, வாய்க்கால் ஓரம் மேய்ந்தால் தட்டைப்புழுவாகவும் இருக்கலாம், அதற்கு மருந்து வேறு. கால்நடை மருந்தகத்தில் சாணம் கொடுத்துப் பாருங்கள். இமை தாள்போல் வெளுத்த ஆட்டை ஓட்டிக்கொண்டு நடக்கவே கூடாது, மருத்துவரைக் கொட்டகைக்கே வரச் சொல்லுங்கள்.

புழு செத்தாலும் போன ரத்தம் ஊறப் புரதம் வேண்டும். அகத்தி, வேலிமசால் தழைகளைக் கட்டித் தொங்கவிடுங்கள். கடலைப்பிண்ணாக்கு கலந்த அடர்தீவனம் தலைக்கு 200 கிராம், அதில் தாது உப்புக் கலவை 100-க்கு 2 பங்கு. சூபாபுல் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். பனி காயாத புல்லில் விடாதீர்கள். ஈரத்தில்தான் புழுக்குஞ்சு புல் நுனிக்கு ஏறும்.

கரிசல்காடு:
தெம்புக்கு ரேஷன் அரிசிச் சோறு வைக்கலாமா?

வேலிமசால்:
வேண்டவே வேண்டாம். பழக்கமில்லாத ஆடு வயிறு நிறையச் சோறு தின்றால் வயிற்றில் அமிலம் ஏறிப் படுத்துவிடும். அடர்தீவனத்தைக்கூட 50 கிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் ஏற்றுங்கள்.

மருந்துப்பெட்டி:
மருந்து கொடுத்து 10 முதல் 14 நாளில் சாணத்தை மறுபடி காட்டுங்கள். புழு முட்டை பழையபடியே இருந்தால் ஆல்பெண்டசோலிலிருந்து ஃபென்பெண்டசோலுக்கு மாறிப் பயனில்லை, இரண்டும் ஒரே வகை. வேறு வகையை மருத்துவரே முடிவு செய்யட்டும். அப்படி ஒரு வேறு வகை மருந்தான குளோசன்டெல் அளவு மீறினால் கண் பார்வை போகும்.