பாய் கட்டிய பிளாஸ்டிக் வள்ளம் காற்றுக்கு எதிரே ஏறாமல் பக்கமாக வழுக்குகிறது, உதவி தேவை

நந்திக்கடல் வள்ளம்:

வணக்கம். இடம் முல்லைத்தீவு. எங்களிடம் 18 அடி பிளாஸ்டிக் வள்ளம் ஒன்று இருக்கிறது. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340க்கு ஏறிய நேரம் அப்பா பாய் கட்டிப் பார்த்தார், சரிவரவில்லை என்று கழற்றி வைத்துவிட்டார். இப்போது நான் அதைத் திரும்ப எடுத்திருக்கிறேன். நீலத் தறப்பாளில் வெட்டித் தைத்த பாய், ஏறக்குறைய 100 சதுர அடி. சவுக்குக் கம்பில் பாய்மரம், மூங்கிலில் பருமல், அதாவது பாயைத் தாங்கும் குறுக்குக் கம்பு. சுக்கானுக்குப் பதில் பின்னால் சவள் பிடிக்கிறேன்.

காற்று முதுகில் நின்றால் வள்ளம் பறக்கிறது. விலாவில் நின்றாலும் ஓடுகிறது. சோழகத்துக்கு, அதாவது தென்மேற்குக் காற்றுக்கு, முகம் கொடுத்தால்தான் பிரச்சினை. அணியம் (வள்ளத்தின் முன்முனை) பார்ப்பது ஒரு திசை, வள்ளம் போவது வேறு திசை. பின்னால் விழும் நுரைக்கோடு நேராகக் கிடக்காமல் காற்று வரும் பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது, அதாவது நான் முன்னே போகிற அளவுக்குப் பக்கமாகவும் வழுக்குகிறேன். கரையில் ஒரு ஒற்றைப் பனையை அடையாளம் வைத்துப் புறப்பட்டு, நந்திக்கடல் களப்பின் குறுக்கே போய்த் திரும்பி வந்தால் பனைக்குக் காற்று போகும் பக்கமாக 200 மீற்றர் கீழே வந்து நிற்கிறேன். பாயை இறுக்கி இழுத்தால் ஏறும் என்று நினைத்து இழுத்தேன், வள்ளம் சரிந்துகொண்டு நின்றேவிட்டது.

களப்புக்குள் என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு வரலாம். ஆனால் எங்கள் கடல் கிழக்குப் பக்கம், சோழகம் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். போவது சுகம், வருவதுதான் காற்றுக்கு எதிரே. அதனால் இது சரிவரும்வரை கடலுக்குள் கொண்டுபோக மாட்டேன்.

இன்னொன்று. உயர்தரம் படிக்கிற தம்பி சொல்கிறான், பாயும் விமான இறக்கையும் ஒன்றுதானாம், இறக்கையின் மேல்பக்கம் நீளம் கூட என்பதால் அந்தப் பக்கக் காற்று வேகமாக ஓடி மறுபக்கக் காற்றைப் பிடிக்கிறதாம், அதில்தான் தூக்கு வருகிறதாம். உண்மையா? உண்மை என்றால் என் பாய் ஏன் தூக்கவில்லை?

பழைய தண்டையல்:

தம்பி, பாயில் பெரிய பிழை இல்லை. வள்ளத்தின் அடியைப் பார். பிளாஸ்டிக் வள்ளம் எஞ்சினுக்காகச் செய்தது, அடி தட்டை, தண்ணியைப் பிடிக்க அதில் ஒன்றும் இல்லை. பழைய தோணிக்கு ஏராக்கட்டை கீழே இறங்கி நிற்கும். கட்டுமரத்துக்கு அதுவும் இல்லை, அதனால் பாய் ஏற்றினால் பக்கத்தில் ஒரு நீளப் பலகையைத் தண்ணிக்குள் இறக்கிவிடுவார்கள். அதைத்தான் நீயும் செய்யவேண்டும்.

எந்தப் பக்கம் இறக்குவது என்பதைக் கவனி. காற்று வந்து மோதும் பக்கம் அல்ல, மறுபக்கம். அந்தப் பக்கம் இறக்கினால் தண்ணியே பலகையை வள்ளத்தோடு அழுத்திப் பிடிக்கும், கயிற்றுக்கு வேலை குறைவு. மாறி இறக்கினால் பலகை விலகி விலகி அடித்துக் கயிறு அறுந்துபோகும். திரும்பும் ஒவ்வொரு முறையும் தூக்கி மற்றப் பக்கம் போடவேண்டும். நந்திக்கடலில் தண்ணி ஆழமில்லை, ஆகவே ஆணி அடித்து இறுக்கிவிடாதே, சேற்றில் முட்டினால் மேலே எழும்பக்கூடியதாகக் கயிற்றிலேயே விடு.

தாமானை, பாயை இழுக்கும் கயிற்றை, கையில் பிடி, ஒரு நாளும் கட்டிவைக்காதே. காற்று திடீரென்று ஓங்கினால் கையை விட்டால் போதும்.

கிளிநொச்சி டீச்சர்:

ஐயா சொன்னதுதான் மருந்து. அது ஏன் வேலை செய்கிறது என்பதைத் தம்பியின் தம்பிக்காகவும் எழுதுகிறேன், நீளமாகத்தான் வரும்.

முதலில் அந்த நீளம் கூடின கதை. அது பிழை, பல பாடக்குறிப்புகளில் இன்னமும் கிடக்கிறது. உங்கள் தறப்பாளையே எடுங்கள். ஒரே துணி. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நீளம்தானே? அந்தக் கதை உண்மையென்றால் பாயில் எந்த விசையும் வரக்கூடாது. பிரிந்த காற்று பின்விளிம்பில் ஒன்றையொன்று சந்திக்கவேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. அளந்து பார்த்தால் இறக்கையின் மேற்பக்கக் காற்று முந்திக்கொண்டே போய்விடுகிறது. பேர்னூலி 1738இல் எழுதியது சரியானது, வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். அந்த வேகம் ஏன் கூடுகிறது என்பதற்குச் சொல்லும் காரணம்தான் பிழை.

நடப்பது இதுதான். வளைந்த பரப்பு காற்றின் ஓட்டத்தைத் திருப்பிவிடுகிறது. காற்றை ஒரு பக்கம் திருப்பினால், அது உங்களை எதிர்ப்பக்கம் தள்ளும், நியூற்றனின் மூன்றாம் விதி. ஏ9 வீதியில் பஸ் யன்னலில் கையை நீட்டி உள்ளங்கையைச் சற்று நிமிர்த்திய பிள்ளைக்கெல்லாம் இது தெரியும், கை மேலே எழும்பும். வீட்டில் பார்க்க வேண்டுமென்றால் ஒரு தேக்கரண்டியின் காம்பை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து, அதன் முதுகைக் குழாய்த் தண்ணியில் மெல்லத் தொடவையுங்கள். தண்ணி கரண்டியைத் தள்ளிவிடும் என்றுதான் எதிர்பார்ப்போம். அது கரண்டியை உள்ளே இழுக்கும், தண்ணி முதுகின் வளைவோடு ஒட்டித் திரும்பி வேறு பக்கமாக விழும். அந்த இழுப்புத்தான் உங்கள் பாயிலும் இறக்கையிலும் இருப்பது.

சரி, பாயில் விசை வருகிறது. ஆனால் காற்றை எதிர்த்து ஓடும்போது அதன் பெரும்பகுதி பக்கமாகத்தான் போகும், கொஞ்சம்தான் முன்னுக்கு. விமானத்துக்கு அந்தப் பெரும்பகுதிதான் தேவை, அதுதான் அதை மேலே தூக்குகிறது. உங்களுக்கு அது தேவையில்லை, அந்தச் சின்னப் பகுதிதான் தேவை. அப்படியென்றால் பக்கத் தள்ளலை யாராவது பிடித்து நிறுத்தவேண்டும். தண்ணிக்குள் இறங்கும் பலகை அதைச் செய்கிறது, எப்படியென்றால் அதுவும் ஒரு இறக்கை. வள்ளம் இலேசாகப் பக்கமாக வழுக்கி ஓட, பலகை தண்ணியைச் சாய்வாக வெட்டி எதிர்ப்பக்கம் விசை எடுக்கும். ஒரு இறக்கை காற்றில், ஒரு இறக்கை தண்ணியில். நீங்கள் ஒன்றை மட்டும் கட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

அளவு: தண்ணி காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி, அதனால் பலகை சிறிதாக இருந்தால் போதும். பாய்ப் பரப்பில் 4 வீதம் தண்ணிக்குள் இருக்கவேண்டும் என்பது படகு கட்டுகிறவர்கள் வைக்கும் கணக்கு. 100 சதுர அடிப் பாய்க்கு 4 சதுர அடி. ஒரு அடி அகலம், தண்ணிக்குள் நாலு அடி.

மாங்குளம் வெல்டிங்:

பலகையை முன்பின் நகர்த்தக்கூடியதாக வையுங்கள். கூட முன்னுக்குப் போனால் வள்ளம் தானாகக் காற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பும், கூடப் பின்னுக்குப் போனால் அணியம் காற்றோடு போய்விடும். சவள் கையில் இலேசாக இருக்கும் இடம் எதுவோ அதுதான் அதன் இடம். பாய்மரத்தின் அடியையும் பாருங்கள், பிளாஸ்டிக் விளிம்பில் நேரே கட்டினால் வெடிக்கும், இரண்டு பக்கமும் முட்டும்படி ஒரு குறுக்குப் பலகை போட்டு அதில் ஊன்றுங்கள்.

நந்திக்கடல் வள்ளம்:

எல்லோருக்கும் நன்றி. வேப்பம்பலகை ஒன்று அறுத்து, முன்விளிம்பை உருட்டி, பின்விளிம்பை மெலிதாகச் சீவி இறக்கினேன். முதல் நாளே வித்தியாசம். நுரைக்கோடு கிட்டத்தட்ட நேராகக் கிடந்தது, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் இன்னும் பனையடிக்கு வரமுடியவில்லை, 60, 70 மீற்றர் கீழேதான். பாயை இறுக்கினால் இப்போதும் நிற்கிறது. தளர்த்தினால் முன்விளிம்பு படபடக்கிறது. நடுவில் எந்த இடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கிளிநொச்சி டீச்சர்:

கம்பளி நூல். ஒரு சாண் நீளத்தில் வெட்டி, பாய்மரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, துணியின் இரண்டு பக்கமும் மூன்று உயரங்களில் ஒட்டுங்கள். இரண்டு பக்க நூலும் பின்னோக்கிப் படிந்து ஓடினால் பாய் சரியான கோணத்தில் நிற்கிறது. காற்று வரும் பக்கத்து நூல் துள்ளினால் தாமானைக் கொஞ்சம் இழுங்கள். மறுபக்கத்து நூல் சுழன்று துள்ளினால் கூட இழுத்துவிட்டீர்கள், தளர்த்துங்கள்.

அந்த இரண்டாவது நிலைதான் உங்கள் வள்ளம் நின்றுபோன நிலை. கோணம் கூடிப்போனதும் காற்று வளைவோடு ஒட்டி ஓட முடியாமல் பிய்ந்துவிடும். விமானத்திலும் இதேதான், ஆனால் அங்கே விளைவு கொடுமை. வளைந்த இறக்கையைப் பற்றிப் பொறுமையாக அளந்து 1889இல் நூலே எழுதிய ஓட்டோ லிலியந்தால், 1896இல் அவருடைய கிளைடர் இப்படித் தூக்கிழந்து விழுந்துதான் இறந்தார்.

ரைட் சகோதரர்களும் விமானத்தின் முன்னால் ஒரு நூல் கட்டியிருந்தார்கள், பக்கமாக வழுக்குகிறோமா என்று பார்க்க. நீங்கள் நுரைக்கோட்டில் பார்த்ததை அவர்கள் நூலில் பார்த்தார்கள். இன்றும் கிளைடர் ஓட்டுகிறவர்கள் கண்ணாடியில் அந்த நூலை ஒட்டுகிறார்கள்.

கப்பல் வரலாறு:

இந்த இழையை ஆசையோடு படித்துக்கொண்டிருக்கிறேன். காற்றுக்கு எதிரே ஏறுவதை முதலில் யார் கண்டார்கள் என்று ஒரு ஆளைக் காட்ட முடியாது. எகிப்தியருக்கு அது தேவைப்படவே இல்லை, நைல் வடக்கே ஓடுகிறது, காற்று வடக்கிலிருந்து அடிக்கிறது. அவர்களின் எழுத்தில் தெற்கே போவதற்குப் பாய் விரித்த படகு, வடக்கே போவதற்குப் பாய் இறக்கிய படகு. பசிபிக்கில் அப்படி இல்லை. வழமையான காற்று கிழக்கிலிருந்து, மனிதர்களோ மேற்கிலிருந்து கிழக்கே தீவு தீவாகப் போய் ஏறக்குறைய 2800 ஆண்டுகளுக்கு முன் தொங்காவை அடைந்துவிட்டார்கள். மேற்குக் காற்று வரும் நாட்களுக்குக் காத்திருந்துதான் போயிருப்பார்கள், ஆனாலும் காற்றுக்கு ஓரளவாவது ஏறத் தெரியாத படகை நம்பி யார் அப்படிப் புறப்படுவார்? முக்கோணப் பாயை அரபுக்காரர் கொண்டுவந்தார்கள் என்று படித்திருப்போம், அதற்கு முன்பே உரோமர் காலத்து மத்தியதரைக் கடலில் அதற்குச் சான்று இருக்கிறது.

விமானம் பாயிலிருந்து நேரே பிறந்தது என்று சொல்லமாட்டேன். இரண்டையும் இணைத்தது காற்றை அளந்தவர்களின் வேலை. 1759இல் ஜோன் சிமீற்றன் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் காற்றாலைகளை ஆராய்ந்து எழுதினார். காற்றின் வேகத்திலிருந்து அதன் தள்ளலைக் கணக்கிட அவர் பெயரில் வழங்கிய காற்றழுத்த எண் 0.005 என்பதை நூறு ஆண்டுகளுக்கு மேல் எல்லோரும் நம்பினார்கள். 1799இல் ஜோர்ஜ் கேய்லி ஒரு சின்ன வெள்ளித் தட்டில் இறக்கையின் தூக்கையும் இழுவையையும் இரண்டு தனி அம்புகளாகப் பொறித்தார், டீச்சர் மேலே சொன்ன பக்க விசை, முன் விசை என்ற பிரிப்பும் இந்த வகைதான். 1901இல் ரைட் சகோதரர்கள் தங்கள் கிளைடர் கணக்குப்படி தூக்கவில்லை என்று கண்டு, அந்தப் பழைய எண்ணே பிழை, 0.0033க்குக் கிட்ட என்று பிடித்தார்கள். காற்றுச் சுரங்கம் ஒன்றும் செய்து சுமார் 200 இறக்கை வடிவங்களைப் பார்த்தார்கள். பிறகு எஞ்சினோடு அவர்களின் முதல் பறப்பு: 1903 டிசம்பர் 17, 12 செக்கன், 120 அடி.

பிறகு கடன் திரும்பி வந்தது. ஆர்வெல் ஜென்ட்ரி என்ற விமானப் பொறியியலாளர் 1970களில் பாய்களுக்கு இடையே காற்று எப்படி ஓடுகிறது என்று விளக்கினார், அதுவரை கடலோடிகள் சொல்லிவந்த காரணம் தலைகீழாக இருந்தது. 2013 அமெரிக்காக் கிண்ணப் பாய்ப்படகுப் போட்டியில் துணிப் பாயே பிரதானமில்லை, 40 மீற்றர் உயரத்தில் விமான இறக்கை போன்ற விறைத்த பாய், தண்ணிக்குள்ளும் இறக்கை, படகு தண்ணிக்கு மேலே எழும்பி ஓடியது. அந்தப் படகின் வகைப் பெயர் கட்டமரன். நம் கட்டுமரம்தான். நம் கரையில் கட்டியதும் தூரம் போயிருக்கிறது, வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை பாயில் போய்ச் சேர்ந்தாள்.

பழைய தண்டையல்:

நல்லது. தம்பி, ஒன்றைக் கேள். நேரே காற்றின் கண்ணுக்குள் போக எந்தப் பாயாலும் முடியாது. எவ்வளவு கிட்டப் போகிறாய்?

நந்திக்கடல் வள்ளம்:

கைபேசித் திசைகாட்டியில் பார்த்தேன் ஐயா, ஏறக்குறைய 60 பாகை.

கிளிநொச்சி டீச்சர்:

தறப்பாளுக்கு 60 நல்லது. போட்டிப் படகுகள் 40, 45 வரை போகும். 60 என்றால் காற்றுக்கு நேரே ஒரு கிலோமீற்றர் ஏற நீங்கள் வளைந்து வளைந்து இரண்டு கிலோமீற்றர் ஓடவேண்டும், அதற்கேற்ற நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினும் எண்ணெயும் உயிர்காப்பு அங்கியும் இல்லாமல் மட்டும் கடலுக்குள் போகவேண்டாம்.

நந்திக்கடல் வள்ளம்:

நேற்றுப் பின்னேரம் நூல் கட்டிப் போனேன். அம்மாவின் சிவப்புக் கம்பளி. மறுபக்கத்து நூல் சுருண்டு கிடந்தது, நான் எவ்வளவு கூட இழுத்து வைத்திருந்தேன் என்று அப்போதுதான் விளங்கியது. தாமானை ஒரு முழம் விட்டேன். நூல் படுத்தது, வள்ளம் பாய்ந்து பிடித்தது. ஏழு திருப்பத்தில் பனைக்கு மேலே போய், அங்கிருந்து கரைக்கு இறங்கினேன். அப்பா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை, பலகையைத் தூக்கி வைக்கக் கை கொடுத்தார்.

பலகைக் கயிறு விளிம்பில் உரசி ஒரே நாளில் நூல் நூலாகிவிட்டது. சைக்கிள் ரியூப் வெட்டிச் சுற்றியிருக்கிறேன். உப்புத் தண்ணிக்கு அது எத்தனை நாள் தாங்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.