304 ஹெட்டர் 3ஆம் நம்பர் பைப்புல திரும்பத் திரும்ப விரிசல் விடுது, யாராச்சும் வழி சொல்லுங்க

கொழிஞ்சாம்பாறை ரெண்டுசீட்டர்:
வணக்கம்ங்க. கொழிஞ்சாம்பாறை பக்கம் தோப்புக்குள்ள ஒரு ஷெட்ல ரெண்டரை வருசமா ஒரு ஓப்பன் ரெண்டு சீட்டு வண்டி கட்டிட்டு இருக்கேன். சதுர ட்யூப் சேஸிஸ், ஜிப்ஸி கிங்கோட 1.3 லிட்டர் 16 வால்வு இன்ஜின், அதே கியர்பாக்ஸ், ஜிப்ஸில முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிச்சுக் குடுக்கற டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியா இருக்கறதால அதை விட்டுப்போட்டு நேரா பின்னாடி ஆக்சிலுக்கு ஷாஃப்ட் குடுத்தாச்சு. ரோட்டுல ஓட்டறதுக்கு இல்லீங்க, ட்ரெய்லர்ல ஏத்தி வாளையார் தாண்டி செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்குல ஓட்டறதுக்கு மட்டும்தான்.

கம்பெனி மேனிஃபோல்டு (இன்ஜின் புகையை வெளிய எடுக்கற பைப்புத் தொகுதி) சேஸிஸ் ட்யூபுல இடிச்சதுனால அதுக்குப் பதிலா நானே ஹெட்டர் பண்ணேன். 4-2-1 டைப்பு, அதாவது நாலு பைப்பு ரெண்டாச் சேந்து அப்புறம் ஒண்ணாகும், ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2ங்கறதால 1ம் 4ம் ஒரு ஜோடி, 2ம் 3ம் ஒரு ஜோடி. 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வெளிவிட்டம் 38 மில்லி, கனம் 1.6 மில்லி. பைப்பை இன்ஜின் ஹெட்டோட சேக்கற ஃபிளான்ஜ் 8 மில்லி எம்.எஸ். (சாதா இரும்பு), லேசர்ல வெட்டுனது. வெல்டிங் தெரிஞ்ச ஒரு ஏட்டன்கிட்ட டிக் (TIG) வெல்டிங் மெஷின் வாங்கி, அவர் பக்கத்துல நின்னு சொல்லச் சொல்ல முக்கால்வாசி நானே வெல்டு அடிச்சேன், பாக்க நல்லாத்தான் வந்துச்சு.

ரெண்டு தடவை டிராக்குக்குப் போயிட்டு வந்ததும் 3ஆம் நம்பர் பைப்பு ஃபிளான்ஜுகிட்ட விரிசல். அதுமேலயே மறுபடி அடிச்சேன், 12 லேப்புல திரும்பவும் அதே இடம். காலைல ஸ்டார்ட் பண்ணா டிக் டிக்னு ஒரு சத்தம், சூடானா கொறையுது. ஆக்சிலேட்டர் விட்டா பட்டு பட்டுனு வெடிக்குது, பிளக்கு நாலும் கரி புடிச்சுக் கிடக்கு. அடுத்து 3 மில்லி கனத்துல பைப்பு வாங்கி மொத்தமாப் புதுசாப் பண்ணலாம்னு இருக்கேன், கையில இருக்கற காசு அதுக்குத்தான் சரியா வரும், அதனால தப்பாப் போயிடக்கூடாதுங்க.

பொள்ளாச்சி லேத்:
தம்பி, பைப்பு வாங்காதீங்க, கொஞ்சம் பொறுங்க. விரிசல் பைப்புக்கு மேல்பக்கமா கீழ்பக்கமா? வெல்டு மேலயே ஓடுதா, வெல்டு ஓரத்துலயா? சைலன்சர் எதுல மாட்டிருக்கு? இது மூணும் சொல்லுங்க.

கொழிஞ்சாம்பாறை ரெண்டுசீட்டர்:
கீழ்பக்கம்ங்ணா. வெல்டுல இல்ல, வெல்டு முடியற இடத்துல இருந்து ஒரு 2 மில்லி தள்ளி, தலைமுடி மாதிரி அரை வட்டமா ஓடுது. சைலன்சர் சேஸிஸ்லயே எல் கிளாம்ப் வெச்சு போல்ட்டு போட்டு நல்லா டைட்டா வெச்சிருக்கேன், ஆடக்கூடாதுன்னு.

பொள்ளாச்சி லேத்:
அங்கதான் தம்பி பிரச்சினை. இன்ஜின் ரப்பர் மவுண்டு மேல உக்காந்திருக்கு. நீளவாக்குல வெச்ச இன்ஜின், ஆக்சிலேட்டர் குடுக்கும்போதெல்லாம் ஒரு பக்கமா சாயும், ஹெட்டர் இருக்கற பக்கம் மேலயும் கீழயும் போய் வரும். பின்னாடி நீங்க அசைய விடாம கட்டிப் போட்டிருக்கீங்க, அப்ப நடுவுல இருக்கற பைப்புதான் வளையணும், அது ஃபிளான்ஜு ஓரத்துலதான் வளையும். இதோட சூடு வேற. 304 எம்.எஸ்.ஸை விட நல்லா நீளும், 70 சென்டி பைப்பு 600 டிகிரிக்குப் போனா 7 மில்லி நீளும், அந்த 7 மில்லி போறதுக்கு எடம் எங்க இருக்கு? வெறும் எடை தொங்கிக் கிழிஞ்சா மேல்பக்கம் கிழியும், உங்களுக்குக் கீழ கிழியுதுன்னா பின்னாடி இருந்து மேல நெம்பி வெச்சிருக்குன்னு அர்த்தம்.

ஒரு வேலை பண்ணுங்க. இன்ஜின் ஆறுனப்புறம் சைலன்சர் போல்ட்டை மட்டும் கழட்டுங்க, கழட்டறப்ப பைப்பு எந்தப் பக்கம் குதிக்குதுன்னு பாருங்க.

கொழிஞ்சாம்பாறை ரெண்டுசீட்டர்:
அண்ணா இப்பத்தான் கழட்டுனேன். கடைசி நட்டு வந்ததும் டங்குனு சத்தம் வந்து பைப்பு கீழ எறங்கிருச்சு, ஸ்கேல் வெச்சுப் பாத்தேன், 8 மில்லி. இத்தனை நாளா இந்த நெம்பலோடயே ஓட்டிருக்கேன்னு நெனச்சா வயிறு கலங்குது.

டிக் டார்ச்:
லேத்து அண்ணன் சொன்னதுதான் மூலம், ஆனா இன்னும் ரெண்டு பாருங்க. ஒண்ணு, பைப்புக்கு உள்ள ஆர்கான் கேஸ் விட்டு அடிச்சீங்களா? ஸ்டெயின்லெஸ்ல வெளிய மட்டும் கேஸ் குடுத்தா உள்பக்கம் காத்து பட்டு காலிஃபிளவர் மாதிரி கருப்பாப் பொரிஞ்சு போயிரும், அந்தப் பொரிஞ்ச ஓரத்துலதான் விரிசல் ஆரம்பிக்கும். போர்ட்டு வழியா டார்ச் லைட் அடிச்சுப் பாருங்க. ரெண்டாவது, டேக் (தற்காலிகப் புள்ளி வெல்டு) வைக்க ஜி.ஐ. (துத்தநாகம் பூசுன இரும்பு) பட்டை எதாச்சும் வெச்சீங்களா? துத்தநாகம் உருகி 304க்குள்ள எறங்குனா வெல்டு சூட்டோடயே வெடிச்சிரும், அந்தப் புகையும் நெஞ்சுக்கு ஆகாது, வீட்டுல பண்றவங்க தயவுசெஞ்சு ஜி.ஐ. பக்கமே போகாதீங்க.

விரிசல் மேல திரும்ப அடிச்சது வேலைக்கு ஆகாதுங்க. அந்தப் பைப்புல ஃபிளான்ஜுல இருந்து ஒரு 5 சென்டி துண்டை வெட்டி எடுத்துட்டுப் புதுத் துண்டு வைங்க. எம்.எஸ். ஃபிளான்ஜுக்கும் 304 பைப்புக்கும் 309எல் கம்பி, 304க்கும் 304க்கும் 308எல். பைப்போட ரெண்டு பக்கமும் டேப்பு ஒட்டி ஒரு பக்கம் ஆர்கான் ட்யூபு, இன்னொரு பக்கம் காத்து வெளியேற ஊசித் துளை, ரெண்டு நிமிசம் விட்டுட்டு அப்புறம் ஆர்க் போடுங்க. எம்.எஸ். தேய்ச்ச பிரஷ்ஷை இதுல தேய்க்காதீங்க.

கொழிஞ்சாம்பாறை ரெண்டுசீட்டர்:
ஜி.ஐ. எதுவும் வெக்கலீங்க. உள்ள ஆர்கான் விடல, டார்ச் அடிச்சுப் பாத்தேன், நீங்க சொன்ன மாதிரியே கருகிப் பொரிஞ்சிருக்கு, விரல் விட்டா சொரசொரன்னு இருக்கு. அந்த டிக் டிக் சத்தம் எதுனால?

பழைய ஜிப்ஸி:
ஃபிளான்ஜ் வளைஞ்சிருக்கும். நேர்கோல் வெச்சு, இடைவெளி அளக்கற ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்க. 8 மில்லிய சும்மா மேசை மேல வெச்சு வெல்டு அடிச்சா வாழைப்பழம் மாதிரி வளையும், ஓரத்துல 1ம் 4ம் கேஸ்கெட்டுல ஒட்டாது. பழைய ஹெட் ஒண்ணு கெடைச்சா அதுலயோ, 20 மில்லி பிளேட்லயோ எல்லா போல்ட்டும் முறுக்கி, கொஞ்சம் இங்க கொஞ்சம் அங்கன்னு மாத்தி மாத்தி அடிச்சு, முழுசா ஆறுற வரைக்கும் கழட்டாம வைங்க. எல்லா வெல்டும் முடிஞ்சப்புறம் சர்ஃபேஸ் கிரைண்டிங் குடுங்க, முன்னாடி குடுத்தா வீண்.

பிளக்கு கரியாகறதும் இதே ஓட்டையாலதான். ரெண்டு துடிப்புக்கு நடுவுல பைப்புக்குள்ள அழுத்தம் கொறையும்போது விரிசல் வழியா வெளிக்காத்து உள்ள போகும், பைப்புல இருக்கற ஆக்சிஜன் சென்சார் அதப் பாத்துட்டுப் பெட்ரோல் கம்மின்னு சொல்லும், ஈ.சி.யு. (இன்ஜினோட கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூடுதலா ஊத்தும். அந்தக் காத்து உள்ள போறதாலதான் ஆக்சிலேட்டர் விட்டா வெடிக்குது. சென்சாரைப் படுக்கவெச்ச மாதிரி போடாதீங்க, கெடைமட்டத்துல இருந்து 10 டிகிரியாவது தலை தூக்கி இருக்கணும், இல்லேன்னா தண்ணி தேங்கி செத்துப்போகும்.

இன்னொண்ணு, வண்டியை ட்ரெய்லர்லயே கொண்டு போங்க. கம்பெனி வண்டியோட அடிப்படை அமைப்பையே மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டு சொன்ன தீர்ப்பே கேரளாவுல இருந்து போன கேஸ்தான், வீட்டுல கட்டுன வண்டிய ரோட்டுல இறக்குனா ரொம்பக் கஷ்டம்.

பொள்ளாச்சி லேத்:
இப்ப எப்படிக் கட்டணும்னு சொல்றேன் தம்பி. ஹெட்டரை இன்ஜினோடயே கட்டுங்க. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற பெல் ஹவுசிங் போல்ட்டுல இருந்து 5 மில்லி பட்டைல ஒரு பிராக்கெட், பைப்பெல்லாம் ஒண்ணு சேர்ற கலெக்டருக்குக் கீழ. அப்ப இன்ஜின் சாஞ்சா ஹெட்டரும் சேந்து சாயும். கலெக்டர் தாண்டுனதும் ஒரு ஃபிளெக்ஸ் (வளைஞ்சு குடுக்கற பைப்புத் துண்டு), அதுக்கப்புறம் சைலன்சர், அதுக்கு ரப்பர் தொங்கல். ஃபிளெக்ஸுக்கு முன்னாடி சேஸிஸ்ல எதையும் தொடவே கூடாது. பைப்பு கனம் 1.6 போதும், 3 மில்லி போட்டா எடைதான் கூடும், விரிசல் வேற எடத்துல வரும்.

கொழிஞ்சாம்பாறை ரெண்டுசீட்டர்:
மூணு வாரம் ஆச்சுங்க, எல்லாருக்கும் சொல்லணும்னுதான் வந்தேன். ஃபிளான்ஜுல நேர்கோல் வெச்சா 4ஆம் நம்பர் ஓரத்துல 0.6 மில்லி கேஜ் போச்சு. 3ஆம் நம்பரோட மத்த மூணு பைப்புலயும் உள்ள கருகிருந்ததால நாலையும் வெட்டிட்டு, 12 மில்லில புது ஃபிளான்ஜ், உக்கடத்துல ஒரு பழைய ஹெட் வாங்கி அதுல முறுக்கி வெச்சு, ஆர்கான் உள்ள விட்டு அடிச்சேன், உள்பக்கம் வெள்ளி மாதிரி இருக்கு, ஏட்டனே விரல் விட்டுத் தடவிப் பாத்துட்டுத் தலையாட்டுனாரு. பிராக்கெட்டு, ஃபிளெக்ஸ், ரப்பர் எல்லாம் அண்ணன் சொன்னபடியே. இப்ப போல்ட்டைக் கழட்டுனா பைப்பு அசையவே இல்ல.

நேத்து 25 லேப்பு ஓட்டுனேன். வீட்டுக்கு வந்து ஆறவெச்சு டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டற செவப்புச் சாயம்) அடிச்சு, பத்து நிமிசம் விட்டுத் தொடச்சு, வெள்ளை டெவலப்பர் அடிச்சுட்டு பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டு இருந்தேன், நாலு பைப்புலயும் செவப்புக் கோடு ஒண்ணும் எழும்பல. பிளக்கு லேசான பழுப்புக்கு வந்திருக்கு. லேத்து அண்ணா, பைப்பு காசு மிஞ்சிருச்சுங்க, அதுல முன்னாடி பிரேக்கு மாத்தறேன்.