இலுப்பக்கொட்டைக்கு தீபாவளி தெரியாது

குழு: பெரிய வீடு, வேலூர்

ஒடுகத்தூர் பெரிம்மா: யார்னா இருக்கீங்களா? ஏரிக்கரை இலுப்ப மரம் பூரா பழமா கொட்டிக் கெடக்குது. வேப்பம்பழமும் மஞ்சளாயிடுச்சு. வரப்புக்கு மரக்கன்னு வேணும்னு கேட்டியேடா தம்பி

தம்பி: சூப்பர் பெரிம்மா. பொறுக்கி சாக்குல கட்டி வைங்க. தீபாவளிக்கு வந்து எடுத்துக்கறேன், அப்ப மழையும் இருக்கும்

சத்துவாச்சாரி அக்கா: தீபாவளிக்கா 😂

சத்துவாச்சாரி அக்கா: அதுக்குள்ள கொட்டை செத்துடும்டா. வேம்பு, இலுப்பை, நாவல் மூணும் காய வெச்சு டப்பால பூட்டற விதை இல்ல. வேம்பு ரெண்டு மூணு வாரம் தாங்கினா பெருசு. ஆனி ஆடில விழுதா, ஆனி ஆடிலயே மண்ணுக்குள்ள போகணும். இப்ப நாத்து கவர்ல மண்ணு ரொப்பி போட்டாதான் நீ தீபாவளிக்கு வரும்போது நடறதுக்கு கன்னு இருக்கும்

காட்பாடி மாமா: ‘செம்மரம் நடுங்கள், கோடீஸ்வரர் ஆகுங்கள்’ (பலமுறை பகிரப்பட்டது)

சத்துவாச்சாரி அக்கா: மாமா, அது வைரம் பாயறதுக்குள்ள உங்க பேரனுக்கு பேரன் வந்துடுவான்

தம்பி: மரத்த உலுக்கவா, கீழ விழுந்தத பொறுக்கவா?

ஒடுகத்தூர் பெரிம்மா: வவ்வாலு சப்பிப் போட்ட வேப்பங்கொட்டைய பொறுக்கு. சதை போயி சுத்தமா கெடக்கும், கழுவற வேல மிச்சம். ஓட்டையா இருக்கறத தள்ளிடு

சத்துவாச்சாரி அக்கா: ஒரே மரத்துல எடுக்காதீங்க. நாலஞ்சு மரம், தள்ளித் தள்ளி. எல்லாம் ஒரு தாய் புள்ளைங்களா இருந்தா ஒரு பூச்சி வந்தா மொத்தமா போகும். பழத்த பிசைஞ்சு கழுவி நிழல்ல ஆத்துங்க, வெயில் கூடாது. கொட்டையப் படுக்க வெச்சு, மறையற அளவு மண்ணு போட்டா போதும். ஆழமாப் புதைக்கறது பொணத்துக்குதான்

தம்பி: மண்ணு?

சத்துவாச்சாரி அக்கா: செம்மண் ரெண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கின தொழு உரம் ஒரு பங்கு. கவர் அடில ஓட்டை இருக்கான்னு பாரு. அப்புறம் முக்கியமா, ஒரே எடத்துல மாசக்கணக்கா வெச்சிடாத. வேர் கவரக் கிழிச்சுக்கினு தரைக்குள்ள போயிடும், கடைசில தூக்கறப்ப ஆணிவேர் அறுந்துடும். அப்பப்ப எடத்த மாத்தி வை

தம்பி: ஆவாரம் விதையும் இருக்கு, போன வருஷத்துது. அதுவும் செத்துடுச்சா?

சத்துவாச்சாரி அக்கா: அது சாகாது. தோலு கெட்டி, தண்ணிய உள்ள விடாது. தண்ணி கொதிச்சதும் அடுப்ப அணை, விதை மேல ஊத்து, ராத்திரி ஊறட்டும். காலைல உப்பினத போடு, உப்பாததுக்கு மறுபடி சுடுதண்ணி. சரக்கொன்றைன்னா கல்லுல ஒரு பக்கம் லேசா தேய்ச்சிட்டு ஊற வை. புங்கங்கொட்டையும் அவசரப்படுத்தாது, பல மாசம் தாங்கும்

தம்பி: அமிர்தி காட்டுப் பக்கம் போனா வேங்கை விதை கெடைக்குமா?

காட்பாடி மாமா: அது காப்புக்காடு டா. உள்ள போயி பொறுக்கினா ஃபாரஸ்ட் கார்டு புடிப்பான், ஜாமீனுக்கு என்னக் கூப்பிடாத. வனத்துறை நாற்றங்கால்ல கன்னாவே கேளு

தம்பி: சரி மாமா. வேலிக்கு கம்பி வெல கேட்டேன், தலை சுத்துது

ஒடுகத்தூர் பெரிம்மா: கம்பிக்கு இன்னாத்துக்கு துட்டு? நம்ம பக்கம் எல்லாம் கிளுவ வேலிதான். இல கொட்டி மொட்டையா இருக்கறப்ப, மழைக்கு முன்னாடி போத்து, அதான் நடற கொம்பு, வெட்டணும். இப்ப துளுத்துடுச்சு, வர்ற சித்திரைக்கு பாக்கலாம். இப்பத்திக்கு நொச்சி, ஆடாதொடை வை. ரெண்டையும் ஆடு கடிக்காது. குச்சிய அடிப்பக்கம் சாய்வா, தலப்பக்கம் நேரா வெட்டு. அடையாளம் இல்லன்னா உன்ன மாதிரி ஆளு தலகீழா நட்டுடுவான்

சத்துவாச்சாரி அக்கா: பெரிம்மா 😂😂 தலப்பக்கத்துல கொஞ்சம் சாணி அப்பினா காயாது

தம்பி: பனையும் கவர்ல போடலாமா அக்கா?

சத்துவாச்சாரி அக்கா: வேணாம். பனை மொதல்ல கீழதான் எறங்கும், இல வர்றதுக்கு முன்னாடியே ஆழமாப் போயிடும். கவர் பத்தாது. ஆவணி புரட்டாசில பழம் விழும்போது நேரா வரப்புலயே கொட்டைய புதைச்சிடு

ஒடுகத்தூர் பெரிம்மா: பேசினது போதும். ஞாயித்துக்கெழம காலைல வா. கவரும் கத்தியும் எடுத்துனு வா. மாமாவையும் இட்டுனு வா, குனிஞ்சு பொறுக்க ஆளு வேணும்

காட்பாடி மாமா: எனக்கு இடுப்பு வலி

ஒடுகத்தூர் பெரிம்மா: நாட்டுக்கோழி குழம்பு வெக்கறேன்

காட்பாடி மாமா: எத்தினி மணிக்கு வரணும்?