ஆன் பண்ணும்போதெல்லாம் டி டிரைவுக்கு செக்டிஸ்க் ஓடுகிறது

கேள்வி:
விண்டோஸ் 10. சிஸ்டம் இருப்பது எஸ்எஸ்டியில். டி என்பது தனி 1 டிபி சாட்டா ஹார்ட் டிஸ்க். கம்ப்யூட்டரை ஆன் பண்ணினாலே செக்டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் சோதனை) டி-யை ஸ்கேன் செய்து, 100 சதவீதம் முடித்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறது. அடுத்த முறையும் அதே கதை. ஷட்டவுன் ஒழுங்காகத்தான் செய்கிறேன். இதை வராமலே நிறுத்த முடியுமா?

பதில் 1:
முடியும். ஆனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை) வால்யூமில் டர்ட்டி பிட் என்று ஒரு குறி உண்டு. எழுதும் நடுவில் கரண்ட் போனாலோ, ஃபைல் சிஸ்டத்தில் பிசகு தென்பட்டாலோ விண்டோஸ் அதைப் போட்டுவிடும். பூட் ஆகும்போது அந்தக் குறியைப் பார்த்துதான் சோதனை ஆரம்பிக்கிறது. முடிந்ததும் குறி அழிந்துவிட வேண்டும்.

கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘எஃப்எஸ்யூட்டில் டர்ட்டி கொயரி டி:’ கொடுங்கள். டெஸ்க்டாப் வந்த கையோடு ஒரு தடவை, ஷட்டவுனுக்கு முன் ஒரு தடவை.

இரண்டு தடவையும் சுத்தம் என்று காட்டினால் கோளாறு டிஸ்க்கில் இல்லை. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் செட்டிங்குகளை வைத்திருக்கும் இடம்) செஷன் மேனேஜருக்குள் பூட்எக்ஸிக்யூட்டைப் பாருங்கள். பூட் ஆகும்போது எதை ஓட்டுவது என்ற பட்டியல் அது. இயல்பாக நட்சத்திரக் குறியில் முடிகிற ஒரே ஒரு ஆட்டோசெக் வரிதான் இருக்கும். கூடவே டி: என்று இன்னொரு வரி இருந்தால், எப்போதோ ஷெட்யூல் செய்த சோதனை போகாமல் தங்கியிருக்கிறது. அந்த வரியை மட்டும் எடுங்கள்.

கேட்டவர்:
பூட் ஆனதும் சுத்தம். பெரிய ஃபைல்களை காப்பி செய்தபின் டர்ட்டி. ஈவென்ட் வியூவரில் (விண்டோஸின் பிழைப் பதிவேடு) என்டிஎஃப்எஸ் 55 பிழை, அதாவது ஃபைல் சிஸ்டம் கெட்டிருக்கிறது என்பது, இருக்கிறது. ஸ்மார்ட்டில் (டிஸ்க் தன் நலம் பற்றி வைத்திருக்கும் கணக்கு) கெட்ட செக்டர்களைக் காட்டும் 5, 197, 198 மூன்றும் பூஜ்யம். 199 மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

பதில் 2:
199 என்பது சிஆர்சி பிழை, அதாவது அனுப்பிய டேட்டா அப்படியே வந்து சேரவில்லை என்ற கணக்கு. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையே போகிற வழியில் டேட்டா கெடுகிறது, தகட்டில் அல்ல. முதல் சந்தேகம் சாட்டா கேபிள்தான். கெட்ட டேட்டாவைப் பெரும்பாலும் மறுபடி அனுப்பிச் சமாளித்துவிடும். அதுவும் தோற்றால் எழுதுவது பாதியில் நின்று ஃபைல் சிஸ்டம் குழம்பும், குறி விழும். எத்தனை முறை செக்டிஸ்க் ஓடினாலும் கேபிள் சரியாகப்போவதில்லை.

பவரை அணைத்து, கேபிளை மாற்றி, போர்டில் வேறு போர்ட்டில் செருகுங்கள். பவர் கனெக்டரும் ஆடாமல் இருக்கட்டும். பிறகு பிழைகளைத் திருத்த ‘செக்டிஸ்க் டி: /எஃப்’ ஒரே ஒரு முறை. 199-இன் எண்ணிக்கை எப்போதும் இறங்காது, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். மேற்கொண்டு ஏறாமல் நின்றால் போதும்.

197 (படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்கள்) பூஜ்யமாக இல்லாதிருந்தால் என் பதிலே வேறாக இருந்திருக்கும். முதலில் பேக்கப். செக்டிஸ்க்கை ‘/ஆர்’ போட்டு ஓட்டும் பக்கமே போகக்கூடாது. அது டிஸ்க் முழுவதையும் படிக்கும், சாகக் கிடக்கிற டிஸ்க் அதைத் தாங்காது.

பதில் 1:
நிறுத்துவது பற்றிக் கேட்டீர்களே: ‘செக்என்டிஎஃப்எஸ் /எக்ஸ் டி:’. இது குறியை அழிக்காது, கண்டுகொள்ளாமல் விடச் சொல்லும், அவ்வளவே. பழையபடி ஆக்க ‘செக்என்டிஎஃப்எஸ் /டி’.