அரையுறுதியா, ஒருபுற உறுதியா?

ஐயா, வணக்கம்.

நம் கணிதக் கலைச்சொல் பட்டியலுக்காக, semistable equilibrium என்பதற்கு நேற்றைய மடலில் நீங்கள் முன்வைத்த "அரையுறுதிச் சமநிலை" என்ற சொல்லை இன்று காலை வகுப்பில் பயன்படுத்திப் பார்த்தேன். கடைசி வரிசை மாணவி ஒருத்தி, "அப்படின்னா உறுதி பாதியா குறைஞ்சிருக்குன்னு அர்த்தமா சார்?" என்று கேட்டாள். அவள் மேல் தப்பில்லை, சொல் அப்படித்தான் சொல்கிறது.

கரும்பலகையில் நாங்கள் போட்டுக்கொண்டிருந்த கணக்கையே தருகிறேன். ஓர் ஏரி, 1000 டன் மீன் வரை தாங்கும். பெல்ஜியக் கணிதர் வெர்ஹுல்ஸ்ட் 1838-இல் தந்த வளர்ச்சிச் சமன்பாட்டிலிருந்து, ஆண்டுதோறும் பிடிக்கும் 250 டன்னைக் கழிக்கிறோம். மீனின் அளவு "மீ" என்றால், அது ஆண்டுக்கு மாறும் வீதம் மீ × (1 − மீ/1000) − 250. மீ = 500 ஆகும்போது மட்டும் இது சுழி, அதாவது மீன் கூடாமலும் குறையாமலும் நிற்கும் சமநிலை.

மீ-க்கு 600 போட்டால் −10 வருகிறது. 400 போட்டாலும் அதே −10. இரண்டு இடத்திலும் மீன் குறைகிறது. ஆனால் 600-இலிருந்து குறைந்தால் 500-ஐ நெருங்குகிறோம், 400-இலிருந்து குறைந்தால் 500-ஐ விட்டு விலகுகிறோம். 600 டன்னோடு தொடங்கிய ஏரியில் 8 ஆண்டு கழித்து ஏறத்தாழ 556 டன் இருக்கும். 400-இல் தொடங்கிய ஏரியில் அதே 8 ஆண்டில் ஒரு மீனும் மிஞ்சாது.

இதில் எந்த உறுதி பாதியாயிற்று? 500-க்கு மேல் எங்கே தொடங்கினாலும் அதை நோக்கியே வரும், கீழே எங்கே தொடங்கினாலும் வராது. ஆகவே "ஒருபுற உறுதிச் சமநிலை" என்பதே என் பரிந்துரை. எந்தப் புறம் என்று கேட்டால் "வலப்புற உறுதி" என்று அதே சொல்லை நீட்டிக்கொள்ளலாம். எண்கோட்டை நிமிர்த்தி வரைபவர்கள் "மேற்புற உறுதி" என்பார்கள். "அரை" என்பதை இப்படி நீட்ட வழியில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பிடிப்பை 240 டன்னாகக் குறைத்தால் இரண்டு சமநிலைகள் கிடைக்கும்: 600 உறுதியானது (சற்றே தள்ளினாலும் திரும்பி வரும்), 400 உறுதியற்றது (தள்ளினால் விலகிப் போகும்). பிடிப்பு 250-ஐ நெருங்க நெருங்க இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து 500-இல் ஒட்டிக்கொள்கின்றன. அந்தப் புள்ளியின் வலப்பக்கக் குணம் 600 கொடுத்தது, இடப்பக்கக் குணம் 400 கொடுத்தது. பிறப்பிலேயே பக்கம் இருக்கிறது.

உறுதியானதையும் உறுதியற்றதையும் "நிலையான சமநிலை, நிலையற்ற சமநிலை" என்று சொல்லும் வழக்கையும் விட்டுவிட வேண்டுகிறேன். 240 டன் கணக்கில் சரியாக 400-இல் வைத்தால் அதுவும் என்றைக்கும் 400-இலேயே நிற்கும். நிற்பது எல்லாச் சமநிலைக்கும் பொது. சற்றே தள்ளிவிட்டால் திரும்புமா என்பதுதான் கேள்வி, அதற்கு "உறுதி" பொருந்துகிறது.

autonomous equation என்பதற்கு வழங்கும் "தன்னாட்சிச் சமன்பாடு" பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாணவர்களுக்கு அது தன்னாட்சிக் கல்லூரியைத்தான் நினைவூட்டுகிறது. வீதம் நேரத்தைப் பாராமல், இருக்கும் அளவை மட்டும் பார்த்து அமைகிறது என்பதால் "காலஞ்சாராச் சமன்பாடு" போதும்.

என் பரிந்துரையில் ஒரு குறை இருப்பதை நானே சொல்லிவிடுகிறேன். கறாரான வரையறைப்படி 500 உறுதியற்றதுதான். ஒரு பக்கம் விலகினாலும் உறுதி போய்விட்டது. அப்படியிருக்க, பெயரில் "உறுதி" வரலாமா? "ஒருபுற ஈர்ப்பு" என்று எழுதிப் பார்த்தேன், ஆனால் இயற்பியல் மாணவர்களுக்கு உடனே புவியீர்ப்பு வந்து நிற்கும். "ஒருபுற" என்ற அடை அந்த வரம்பைக் கட்டிவிடுகிறது என்று நம்பி "உறுதி"யையே வைத்திருக்கிறேன். differential equation-ஐ "வகையீட்டுச் சமன்பாடு" என்று படித்த இலங்கை நண்பர்கள் இந்த ஒருபுறச் சமநிலைக்கு என்ன சொல் வழங்குகிறார்கள் என்று எழுதினால், அதையும் பார்த்துவிட்டுப் பட்டியலில் ஏற்றலாம்.