'ஆக' என்று முடிந்தால் எல்லாமே வினையடையா? அவசர உதவி தேவை

காரைக்குடி அம்மா:
மகளுக்கு வினையடைகளை, அதாவது வினை எப்படி நடந்தது என்று சொல்லும் சொற்களை, அடிக்கோடிடும் பயிற்சி. 'ஆக' என்று முடிவதுதான் வினையடை என்று படித்த நினைவில் மூன்று சொற்களுக்குக் கோடு போடச் சொன்னேன். இரண்டு தவறு, ஒன்று விடுபட்டுள்ளது என்று நோட்டு திரும்பி வந்துவிட்டது. நாளைக் காலை திருத்திக் கொடுக்க வேண்டும். எங்கே பிழை?

தேவகோட்டைக்காரன்:
வாக்கியங்கள் எங்கே சகோதரி? எந்த வகுப்பு?

வளவு வீட்டுப் பிள்ளை:
வாக்கியமே வேண்டாம். 'எப்படி?', 'எப்போது?', 'எங்கே?' என்று வினையைப் பார்த்துக் கேளுங்கள். பதிலாக வருவதெல்லாம் வினையடைதான். எனக்கு இது தவறியதே இல்லை.

ஏட்டுச்சுவடி:
மாதத்துக்கு ஒரு முறை இதே கேள்வி. தமிழில் சொல் நான்கே வகை: பெயர், வினை, இடை, உரி. வினையடை என்ற தனி வகை தொல்காப்பியத்திலும் இல்லை, நன்னூலிலும் இல்லை. அடிப்படையைப் படித்துவிட்டு வந்து கேட்டால் நேரம் மிச்சமாகும்.

தேவகோட்டைக்காரன்:
ஐயா, பிள்ளை நாளைக் காலை நோட்டு கொடுக்க வேண்டும். இந்த நேரத்தில் நன்னூலைப் புரட்டச் சொல்வது உதவி ஆகாது.

காரைக்குடி அம்மா:
மன்னிக்கவும், ஏழாம் வகுப்பு. வாக்கியங்கள் இவை:
ஆச்சி பணியாரத்தை மெல்லத் திருப்பினார்.
தம்பிக்காகச் சீப்புச் சீடை எடுத்து வைத்தார்.
பாட்டையா ரங்கூனில் கணக்குப்பிள்ளையாக இருந்தார்.
முகப்பில் ஆத்தங்குடிக் கல் அழகாகப் பளபளக்கிறது.

கண்டனூர் ஆசிரியை:
இப்போது சொல்லலாம். 'அழகாக' சரி. எப்படிப் பளபளக்கிறது என்பதற்கு அதுதான் பதில். 'தம்பிக்காக' என்பதைப் பிரித்துப் பாருங்கள்: தம்பி, கு, ஆக. அங்கே 'கு' இருக்கிறது. யாருக்காக என்று சொல்லும் நான்காம் வேற்றுமை அது. 'கணக்குப்பிள்ளையாக' என்பதை எடுத்துவிட்டால் 'ரங்கூனில் இருந்தார்' என்றுதான் மிஞ்சும். அவர் என்ன வேலை பார்த்தார் என்ற செய்தியே போய்விடும். எப்படி இருந்தார் என்பதைச் சொல்லவில்லை, என்னவாக இருந்தார் என்பதைச் சொல்கிறது. விடுபட்டது 'மெல்ல'. 'ஆக' இல்லாததால் கண்ணுக்குத் தப்பிவிட்டது.

வளவு வீட்டுப் பிள்ளை அவர்களுக்கு: உங்கள் கேள்விப்படி 'ரங்கூனில்', 'முகப்பில்' இரண்டுக்கும் கோடு விழும். அவை ஏழாம் வேற்றுமை ஏற்ற பெயர்கள். 'நேற்று' வந்தாலும் இதே சிக்கல்தான். 'நேற்றிலிருந்து' என்று உருபு ஏற்கிறதே, அது காலப்பெயர்.

வளவு வீட்டுப் பிள்ளை:
வினையைத்தானே தழுவுகிறது? வேலையைப் பார்த்துப் பெயர் வைப்பதா, உருவத்தைப் பார்த்தா?

ஏட்டுச்சுவடி:
உருவத்தைப் பார்த்துத்தான். 'மெல்ல' என்பது குறிப்பு வினையெச்சம், அதாவது காலம் காட்டாமல் வினையைக் கொண்டு முடியும் எச்சம். உரிச்சொல் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

கண்டனூர் ஆசிரியை:
இதில் ஐயா சொல்வது சரி. சால, உறு, தவ, நனி, கூர், கழி போன்ற உரிச்சொற்கள் பெயரையும் தழுவும், வினையையும் தழுவும். வினையடையை 'வினை உரிச்சொல்' என்று சொல்லிக்கொடுத்துப் பிள்ளைகளைக் குழப்புவது எனக்கும் வருத்தம்தான். ஆனால் 'மெல்ல' வடிவத்தால் குறிப்பு வினையெச்சம், வாக்கியத்தில் செய்யும் வேலையால் வினையடை. இரண்டு பெயரும் நிற்கட்டும். பயிற்சியில் கேட்டது வேலையை.

ஆத்தங்குடி மருமகள்:
நாலாவது வாக்கியத்தையே ஏற்க முடியவில்லை. எங்கள் ஊர்த் தரைக்கல்லை 'பளபளவென்று மின்னுகிறது' என்றுதான் சொல்வோம். சூளையில் சுடுவதில்லை, கண்ணாடிமேல் சாயச் சிமெண்டை ஊற்றி வார்ப்பதால் வரும் மினுமினுப்பு அது. நடக்க நடக்கக் கூடும்.

தேவகோட்டைக்காரன்:
தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தால்தான் கூடும்.

ஆத்தங்குடி மருமகள்:
எண்ணெய் பிறகு. முதல் மினுமினுப்பு கண்ணாடியிலிருந்து வருவது. எத்தனை பேர் கல் வார்ப்பதை நேரில் பார்த்திருக்கிறீர்கள்?

கண்டனூர் ஆசிரியை:
'பளபளவென்று' நல்ல எடுத்துக்காட்டு. இரட்டைக்கிளவியோடு 'என்று' சேர்ந்து வினையடை ஆகிறது. அதிலும் 'ஆக' இல்லை. சகோதரி, பிள்ளையிடம் இந்த ஒன்றையும் கேட்டுப் பாருங்கள்: 'வேகமாக வந்த பஸ்ஸில் அப்பா ஏறினார்.' வேகமாக என்பது எந்த வினையைத் தழுவுகிறது?

காரைக்குடி அம்மா:
'மெல்ல' மட்டும் சேர்த்து, இரண்டு கோட்டை அழித்துவிட்டோம். நன்றி அக்கா. பஸ் வாக்கியத்துக்கு, வந்தது பஸ், அதனால் 'வந்த'வோடு சேர்ந்தது, அப்பா நிதானமாகக்கூட ஏறியிருக்கலாம் என்கிறாள். தூங்கப் போகிறாள்.

வளவு வீட்டுப் பிள்ளை:
'நேற்று' பற்றி இன்னும் பதில் வரவில்லை.